‘கிடைக்காது’ என்று சொல்வதற்கு முன்

எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர் அறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஊதிய உயர்வு எந்த மாதம் வரும், ஈட்டிய விடுப்பை எப்போது ஒப்படைக்கலாம், பணிப்பதிவேட்டில் எந்தப் பதிவு விடுபட்டால் பின்னால் சிக்கல் வரும் என்று யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். நான் பணியாற்றிய பள்ளிகளில் பெரும்பாலும் அந்த ஆள் நான்தான். சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை என்பதால் சட்டமும் விதியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை சக ஆசிரியர்களுக்கு. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தப் பெருமையால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

2019-ஆம் ஆண்டு, அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை இருந்தார். மனைவியை இழந்த ஒருவரை மணந்தவர். கணவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். அலுவலகத்தில் கொடுத்த குடும்ப விவரங்களிலும் இருவரின் பெயரையும் சேர்த்திருந்தார். பிறகு அவர் கருவுற்றார். அவர் வயிற்றில் உருவான முதல் குழந்தை அது. ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் என்னிடம் வந்து, “டீச்சர், எனக்கு மகப்பேறு விடுப்பு உண்டா?” என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. “உங்க கணக்குல ஏற்கெனவே ரெண்டு குழந்தை இருக்கே. விதியில இடமில்ல. விண்ணப்பம் கொடுத்தாலும் திரும்பித்தான் வரும்” என்றேன்.

அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இருந்த ஈட்டிய விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் எடுத்தார். அது போதாமல் சில வாரம் ஊதியமில்லா விடுப்பு. குழந்தைக்கு நான்கு மாதம் ஆவதற்குள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அவருடைய உரிமையை எந்த அலுவலகமும் மறுக்கவில்லை. காகிதம் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே நான் மறுத்துவிட்டேன்.

2025 மே மாதக் கோடை விடுமுறையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தேன். நம் மாநிலத்தைச் சேர்ந்த, நம்மைப் போலவே அரசுப் பள்ளியில் பணியாற்றும் ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கு அது. படித்து முடித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த மதிய உணவு இடைவேளைதான்.

விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு வழங்குவது அடிப்படை விதிகளில் 101(அ) என்ற விதி. இந்த விடுப்பின் நாட்கள் எப்படி வளர்ந்தன என்பது நம்மில் பலருக்குச் சொந்த வாழ்க்கையாகவே தெரியும். என் மகள் பிறந்தபோது 90 நாட்கள்தான். தொண்ணூற்றோராம் நாள் பள்ளிக்குப் போனேன். மதியம் என் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருவார். வராத நாட்களில் பால் கட்டிக்கொண்டு, சேலை நனைந்துவிடுமோ என்ற பயத்தோடு கடைசிப் பாடவேளை வரை நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். 2011-இல் அது 180 நாட்கள் ஆனது. 2016-இல் 270 நாட்கள். 2021 ஜூலை 1 முதல் 365 நாட்கள். முழு ஊதியத்துடன் ஓராண்டு விடுப்பு. நாட்டின் பிற இடங்களில் பணிபுரியும் பெண்கள் பலருக்கு இது இல்லை.

ஆனால் அதே விதியில் ஒரு வரம்பும் உண்டு. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ள பெண் ஊழியருக்கே இந்த விடுப்பு. முதல் பேற்றிலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தால் இன்னொரு பேற்றுக்கு இடம் உண்டு. மற்றபடி இரண்டு என்பதே எல்லை. சிறு குடும்பத்தை ஊக்குவிக்கும் நோக்கத்தில் வந்த வரம்பு இது. நம் அலுவலகங்களில் இதை ஓர் எண்ணாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். இரண்டு இருக்கிறதா? அப்படியானால் இல்லை. நான் அந்த ஆசிரியையிடம் சொன்னதும் அதுதான்.

தருமபுரியிலிருந்து டெல்லிக்குப் போன விண்ணப்பம்

‘கே. உமாதேவி எதிர் தமிழ்நாடு அரசு’ என்பது வழக்கின் பெயர். வழக்குத் தொடுத்தவர் தருமபுரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆங்கில ஆசிரியை. 2006-இல் அவருக்குத் திருமணம். 2007-இலும் 2011-இலும் இரண்டு குழந்தைகள். அவர் அரசுப் பணியில் சேர்ந்தது 2012 டிசம்பரில். இந்த வரிசை முக்கியம். இரண்டு குழந்தைகளும் அவர் பணியில் சேர்வதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களுக்காக அவர் அரசிடம் ஒரு நாள்கூட மகப்பேறு விடுப்பு பெற்றதில்லை.

2017-இல் அந்த மணவாழ்க்கை மணமுறிவில் முடிந்தது. குழந்தைகள் தந்தையின் பொறுப்பில் வளர்ந்தார்கள். 2018-இல் ஆசிரியை மறுமணம் செய்துகொண்டார். கருவுற்று, 2021 ஆகஸ்ட் 17 முதல் 2022 மே 13 வரை மகப்பேறு விடுப்பு கேட்டு விண்ணப்பித்தார். அது மூன்றாவது குழந்தை, விதியில் இடமில்லை என்று அதே ஆகஸ்டு மாதம் விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 மார்ச்சில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2022 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மகப்பேறு விடுப்பு அடிப்படை உரிமை ஆகாது, சட்டமோ பணி விதியோ தருகிற அளவுக்குத்தான் அதைக் கேட்க முடியும், விதியோ இரண்டு குழந்தைகளோடு நிற்கிறது என்பது அந்த அமர்வின் பார்வை. ஆசிரியை உச்ச நீதிமன்றம் போனார்.

2025 மே 23 அன்று நீதியரசர்கள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பை ரத்து செய்தது. விதி 101(அ)-இன்கீழ் அவருக்கு மகப்பேறு விடுப்பு உண்டு என்றும், அவருக்குரிய பயன்களை இரண்டு மாதத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

விடுப்பு கேட்ட நாளிலிருந்து இந்தத் தீர்ப்பு வரை ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு. குழந்தை பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிய பிறகுதான் அதன் தாய்க்கு விடுப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

நீதிமன்றம் விதியை எப்படிப் படித்தது?

இந்தத் தீர்ப்பை ‘மூன்றாவது குழந்தைக்கும் விடுப்பு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சரியாகாது. நீதிமன்றம் விதி 101(அ)-ஐ நீக்கவில்லை. சிறு குடும்ப நோக்கத்தைக் குறை சொல்லவும் இல்லை. மக்கள்தொகைக் கட்டுப்பாடு நல்ல நோக்கம்தான், மகப்பேறு பயன் தருவதும் நல்ல நோக்கம்தான், இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்றது. அவை இரண்டும் இசைந்து போகும்படி விதியைப் படிக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழி ஆசிரியர்களாகிய நமக்கு எளிதில் புரியும். முதலில் உண்மைகளைப் பார்த்தது. அரசுப் பணியில் சேர்ந்த பிறகு அவருக்குப் பிறந்த முதல் குழந்தை இது. இரண்டாம் திருமணத்தில் பிறந்த முதல் குழந்தையும் இதுவே. முன்பு பிறந்த இருவரும் அவர் பொறுப்பில் இல்லை. இந்த உண்மைகள் முன்னால் இருக்கும்போது, ‘இரண்டு’ என்ற எண்ணை மட்டும் பார்த்து மறுப்பது விதியின் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று கேட்டது.

அடுத்து 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தைப் பார்த்தது. மாநில அரசு ஊழியருக்கு நேரடியாகப் பொருந்துவது அடிப்படை விதிதான். ஆனாலும் மகப்பேறு பயன் என்ற கருத்து எதற்காக வந்தது என்பதை அறிய அந்தச் சட்டம் உதவியது. 2017-இல் திருத்தப்பட்ட அச்சட்டப்படி, பணியிலுள்ள பெண்ணுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. உயிருடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் 12 வாரம். அதாவது நாட்கள் குறைகின்றன, ஆனால் இல்லாமல் போவதில்லை. குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டி அந்தச் சட்டம் எந்தத் தாயையும் முழுவதுமாகத் திருப்பி அனுப்பவில்லை.

கடைசியாக அரசியலமைப்புக்கு வந்தது. வாழ்வுரிமையைச் சொல்லும் 21-ஆவது உறுப்பில் குழந்தை பெறுவது பற்றிய பெண்ணின் முடிவுரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருக்கிறது. நியாயமான, மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலையும் மகப்பேறு உதவியையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 42-ஆவது உறுப்பு. பத்தாம் வகுப்புக் குடிமையியலில் அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளை ஆண்டுதோறும் நடத்துகிறேன். நீதிமன்றத்தால் செயல்படுத்த முடியாதவை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது என் வழக்கம். நேரடியாகச் செயல்படுத்த முடியாவிட்டாலும், ஒரு விதிக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதை அவை தீர்மானிக்கும் என்று இந்தத் தீர்ப்பு எனக்குக் காட்டியது. இப்போது அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்துகிறேன்.

குடும்பம் என்றால் எது?

என் பழைய தோழியின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒரு தீர்ப்பு இதற்கு முன்பே வந்திருக்கிறது. சண்டிகரில் மத்திய அரசின் மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த ஒரு செவிலியரின் வழக்கு அது. அவருடைய கணவருக்கு முதல் மனைவி மூலம் இரண்டு குழந்தைகள். அந்தக் குழந்தைகளைப் பராமரிக்கச் செவிலியர் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் எடுத்திருந்தார். பிறகு அவர் தன் முதல் குழந்தையைப் பெற்றபோது, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளன என்று மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது.

2022 ஆகஸ்ட் 16 அன்று நீதியரசர்கள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா அமர்வு அவருக்கு விடுப்பு உண்டு என்றது. தாய், தந்தை, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் என்ற ஒரே அச்சில் எல்லாக் குடும்பங்களும் வார்க்கப்படுவதில்லை; இறப்பு, பிரிவு, மறுமணம், தத்தெடுப்பு எனப் பல காரணங்களால் குடும்பங்கள் பல வடிவம் எடுக்கின்றன; சட்டம் அவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. கணவரின் பிள்ளைகளை அன்போடு வளர்த்தார் என்பதையே அவருக்கு எதிரான காரணமாக ஆக்கக் கூடாது என்பதும் அதிலிருந்து விளங்குகிறது.

2019-இல் இந்தத் தீர்ப்புகள் இல்லையே, நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்தத் தீர்ப்புகள் வந்ததற்கே காரணம், ‘கிடைக்காது’ என்று யாரோ சொன்ன பிறகும் அந்தப் பெண்கள் விண்ணப்பம் கொடுத்ததுதான்.

அதே அறையில் இன்னொரு நாற்காலி

இந்தத் தீர்ப்பைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாகப் பணியமர்த்தப்பட்ட ஆசிரியை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் சிரித்தபடியே, “அதெல்லாம் உங்களுக்கு அக்கா. எங்களுக்குப் புள்ள பொறந்தா வேலையே போச்சு” என்றார். அந்தச் சிரிப்பு எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரும் அதே பாடவேளைகளை எடுக்கிறார், அதே விடைத்தாள்களைத் திருத்துகிறார்.

அவருக்காகத் தேடியபோது இரண்டு தீர்ப்புகள் கண்ணில் பட்டன. முதலாவது, 2000 மார்ச் 8 அன்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. சாலை வேலையில் தினக்கூலிகளாக இருந்த பெண்கள் மகப்பேறு பயன் கேட்டார்கள். நிரந்தர ஊழியருக்குத்தான் தருவோம் என்றது மாநகராட்சி. கர்ப்ப காலத்தின் கடைசி நாட்களில் ஒரு பெண்ணைக் கடும் உழைப்புக்குக் கட்டாயப்படுத்த முடியாது, அவர் நிரந்தரமா தினக்கூலியா என்பது இதில் வேறுபாடாகாது என்று நீதிமன்றம் கூறியது. மகப்பேறு பயன் சட்டம் கேட்பது, பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாட்கள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது, 2023 ஆகஸ்ட் 17 தேதியிட்டது. டெல்லி அரசு மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய ஒரு மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்பு கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11-இல் முடிவதால் 11 நாட்கள்தான் விடுப்பு என்றது நிர்வாகம். ஒப்பந்த நாளைத் தாண்டியும் மகப்பேறு பயன் தொடரும், முழு 26 வாரப் பயனையும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவை வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு பணி நிபந்தனைகளில் எழுந்த வழக்குகள். நம் பள்ளியின் தற்காலிக ஆசிரியைக்கு நாளையே 26 வாரம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘தற்காலிகம்’ என்ற ஒரு சொல்லைக் காரணம் காட்டி மறுப்பதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அவரும் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பதற்கு நாம் துணை நிற்க வேண்டும்.

காலை உணவுத் திட்டத்தில் நம் பள்ளிகளில் சமைக்கும் பெண்களையும், வளாகத்தைத் தூய்மை செய்யும் பெண்களையும் மறந்துவிடக் கூடாது. தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு ரூ.18,000 மதிப்பிலான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. கர்ப்பத்தைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் உரிய காலத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். பதிவு தாமதமாகி உதவியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் போதும்.

அண்மையில் மாறியவை இன்னும் இரண்டு

புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியைகளுக்கு ஒரு பயம் உண்டு. தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தால் அந்தப் பருவம் தள்ளிப்போகும், உடன் சேர்ந்தவர்களைவிடப் பின்தங்கிவிடுவோம், பதவி உயர்வு பாதிக்கப்படும் என்று அஞ்சிக் குழந்தைப் பேற்றையே தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 28 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாடு முழுவதற்குமான மாற்றம். பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1961-இன் மகப்பேறு பயன் சட்டத்தின் விதிகள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 26 வாரம், 80 நாள் தகுதி ஆகியவை அதிலும் அப்படியே உள்ளன. இனி வரும் சுற்றறிக்கைகளில் புதிய பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இந்த வாரக் கணக்குகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே, 1919-இல், மகப்பேறு பாதுகாப்புக்கு உடன்படிக்கை கண்டது. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. சென்னை மாகாணத்திலும் 1930-களில் மகப்பேறு பயன் சட்டம் வந்தது. ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்காகத் தொடங்கியது இன்று வகுப்பறை வரை வந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

வேங்கிக்காலில்தான் எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்பேன். கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, செங்கம் பக்கமிருந்து காலையிலேயே பேருந்து ஏறி வந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதி வாங்கிக்கொண்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட, மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டுதான் பேருந்து ஏறுவார். கல்வியியல் பட்டம் பெற்ற நாம் பல நேரங்களில் வாய்வார்த்தையில் கேட்டு, வாய்வார்த்தையில் வந்த பதிலோடு திரும்பிவிடுகிறோம். அந்தப் பாட்டியிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

விடுப்பு கோரும் ஆசிரியைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்:

1. தகுதி இருக்கிறதா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர் அறையில் இருக்கும் என்னைப் போன்றவர்களும் முடிவு செய்யக் கூடாது. முடிவு செய்ய வேண்டியவர் விடுப்பை ஒப்பளிக்கும் அலுவலர் மட்டுமே.

2. மருத்துவச் சான்றுடன் எழுத்தில் விண்ணப்பியுங்கள். களஞ்சியம் செயலி வழியாகப் பதிந்தாலும் விண்ணப்பத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கொடுத்த நாளுக்கு ஒப்புகை பெறுங்கள்.

3. உங்கள் சூழ்நிலை வழக்கமானதாக இல்லையென்றால் அதை மறைக்காமல் தேதிகளோடு எழுதுங்கள். எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, நீங்கள் பணியில் சேர்ந்தது எப்போது, முன்பு மகப்பேறு விடுப்பு பெற்றதுண்டா, குழந்தை யார் பொறுப்பில் வளர்கிறது என்பவைதான் உமாதேவி வழக்கின் முடிவைத் தீர்மானித்தன.

4. மறுக்கப்பட்டால், காரணத்தோடு எழுத்தில் ஆணை கேளுங்கள். மேல்முறையீட்டுக்குப் போகவும் நீதிமன்றத்துக்குப் போகவும் கையில் வேண்டியது அந்த ஆணைதான். பதிலே வரவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

5. விடுப்பு முடிந்து பணியேற்ற பிறகு, அது மகப்பேறு விடுப்பு என்றே பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஓர் ஆசிரியை ஓராண்டு விடுப்பில் போனால் கால அட்டவணையை மாற்ற வேண்டும், பத்தாம் வகுப்புக்கு ஆள் தேட வேண்டும், மற்ற ஆசிரியர்களின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். அந்த நெருக்கடி விடுப்பு கேட்டவரின் குற்றமல்ல. ஐயம் இருந்தால், ‘விதியில் இடமில்லை’ என்று திருப்பித் தருவதற்குப் பதிலாக, உண்மைகளைக் குறிப்பிட்டுத் தெளிவுரை கேட்டு மேலனுப்புங்கள். 2025 மே 23 தீர்ப்பையும் 2022 ஆகஸ்ட் 16 தீர்ப்பையும் அந்தக் குறிப்பில் சுட்டிக்காட்டுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அது எழுதப்படாததால் ஒரு தாய் டெல்லி வரை போக நேரக் கூடாது.

ஆண் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஒரு வருஷம் ஜாலியா லீவு’ என்ற பேச்சு இன்னும் பல ஆசிரியர் அறைகளில் கேட்கிறது. இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பவருக்கு அது விடுமுறை அல்ல.

முடிவாக

தீர்ப்பைப் படித்த மறுநாள் அந்தப் பழைய தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். செய்தியைச் சொன்னேன். “அன்னைக்கு நான் உங்களை அப்ளை பண்ணச் சொல்லியிருக்கணும் டீச்சர். மன்னிச்சுக்குங்க” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவன் பள்ளிக்கூடத்துக்கே போயிட்டான் அக்கா. அந்த நாலு மாசத்துல அவன் எப்படி இருந்தான்னுகூட எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. திரும்ப வேலைக்கு வரணுமேன்னு நாள் எண்ணிக்கிட்டே இருந்தேன்” என்றார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு நான் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் யாராவது வந்து, “டீச்சர், எனக்கு இது கிடைக்குமா?” என்று கேட்டால், விதிப்புத்தகத்தை எடுத்து அவரோடு சேர்ந்து படிக்கிறேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் கொடுக்கிறேன். போன வாரம் அந்தத் தற்காலிக ஆசிரியை அப்படி ஒரு தாள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு இது ஐந்தாம் மாதம். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை விண்ணப்பம் அலுவலகம் வரைக்கும் போகும்.